ஒற்றியூர் எல்லையும் நாவலூர்ச் சிறுதேரும்: நம்பியாரூரர் வரலாற்றில் தற்காதலின் இளமை வேர்கள்

1. தோற்றுவாய்

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே கடலை ஒட்டி இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என ஊர்கள் தொடர்ந்து அமைந்துள்ளன. ஆலைகளும் சரக்கு ஊர்திகளும் நிறைந்த இந்நிலப்பகுதியின் நடுவண், மூவர் பாடலும் பெற்ற பழம்பதியாக விளங்குவது திருவொற்றியூர். அதற்கு வடபால் அடுத்துள்ளது எர்ணாவூர். ஒற்றியூர்க் கோயிலில் மாசித் திருவிழாவின்போது மகிழடி சேவை என்னும் நிகழ்ச்சி நடைபெறுகிறது. நம்பியாரூரர் எனப்படும் சுந்தரமூர்த்தி நாயனார், மகிழ மரத்தின்கீழ்ச் சங்கிலியார்க்குச் சூளுரைத்ததை நினைவூட்டுவது அவ்விழா. ஆதலின் எர்ணாவூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வந்து தமிழ் பயிலும் மாணவர்க்கு இக்கதை ஏட்டில் மட்டும் உள்ளதன்று; வீட்டுப் பெரியோருடன் சென்று கண்ட காட்சியும் ஆகும். இப்பகுதியில் இக்கதை நெடுங்காலமாகப் போற்றப்பெற்று வந்தமைக்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. இரண்டாம் இராசாதிராச சோழன் காலத்து ஒற்றியூர்க் கல்வெட்டொன்று, ஆளுடைய நம்பியின் புராணம் அக்கோயிலில் கேட்கப்பெற்ற செய்தியைக் குறிக்கின்றது.

விழாவிற் காட்டப்பெறுவது சூளுறவு. அச்சூளுறவு பின்னர் மீறப்பட்டது என்பதே புராணம் நம்முன் வைக்கும் சிக்கல். ஒருத்தியைப் பிரியேன் என்று உறுதி கூறி மணந்தவர், சில காலத்திற்குள் ஊரின் எல்லையைக் கடக்கிறார். கடந்த அளவில் இரு கண்ணும் ஒளி இழக்கின்றன. இதனைப் பற்றி இரு வகைக் கருத்துகள் வழங்குகின்றன. எல்லாம் இறைவன் திருவிளையாடல். நாயனார்பால் குற்றம் காண்பதற்கு இடமில்லை என்பது ஒன்று. ஒழுக்க நெறி கொண்டு நோக்கி, பிழை பிழையே எனக் கூறி அமைவது மற்றொன்று. முதற்கருத்து, கண் இழந்த துன்பத்தைச் சேக்கிழார் அத்துணை விரிவாகப் பாடியது ஏன் என்பதற்கு விடை தரவில்லை. இரண்டாவது, அப்பிழையைச் செய்தவர் எத்தகைய உள்ளம் உடையவர், அவ்வுள்ளம் எவ்வாறு உருப்பெற்றது என்பவற்றை ஆராயவில்லை. இவ்விரண்டும் விட்ட இடத்தை நிரப்ப முயல்வதே இக்கட்டுரை. ஒற்றியூர் எல்லையில் நிகழ்ந்ததற்குரிய வித்தினைத் திருநாவலூர்த் தெருவில் சிறுதேர் உருட்டிய குழவிப் பருவத்திலேயே சேக்கிழார் இட்டு வைத்துள்ளார் என்பது எம் கருத்து.

2. தற்காதல்: சொல்லும் கொள்கையும்

தன்னையே தான் காதலிக்கும் மனநிலையை மேலைநாட்டார் நார்சிசம் என்பர். நீர்நிலையில் தன் உருவைக் கண்டு அதன்மேற் காதல் கொண்டு மாய்ந்த நார்சிசசு என்னும் இளைஞனின் கிரேக்கக் கதையிலிருந்து அப்பெயர் பிறந்தது. இலத்தீன் புலவர் ஓவிட் தம் உருமாற்றக் காப்பியத்தின் மூன்றாம் பகுதியில் அதனைப் பாடியுள்ளார். 1898இல் ஆவ்லாக் எல்லிசும், 1899இல் பால் நெக்கேயும் அக்கதையை உளவியலோடு தொடர்புறுத்தினர். 1914இல் சிக்மண்டு பிராய்டு இதுபற்றித் தனிக் கட்டுரை வரைந்தார். நாம் இதனைத் தற்காதல் என்னும் சொல்லாற் குறிப்போம்.

பிராய்டு கூறிய கருத்துகளுள் ஒன்று ஈண்டுப் பெரிதும் பயன்படுவது. பெற்றோர் தம் இளமையிற் கைவிட்ட தற்காதலையே மீண்டும் தம் மக்கள்மேல் ஏற்றி மகிழ்கின்றனர்; ஆதலின் மக்களின் குறைகள் அவர் கண்ணுக்குத் தோன்றுவதில்லை; உலகத்தார்க்குரிய வரையறைகள் தம் குழந்தைக்கு மட்டும் பொருந்தா என அவர் எண்ணுகின்றனர் என்பது அது. பின்வந்தோருள் ஹைன்ஸ் கோகட் என்பார் 1971இல் வெளியிட்ட நூலில், தான் பெரியன் என்னும் குழவியின் எண்ணம் இயற்கையானது என்றார். அதனைப் பெற்றோர் கண்டு மகிழவும் வேண்டும். தாங்கத்தக்க சிறு சிறு ஏமாற்றங்களால் அது படிப்படியே பதப்படவும் வேண்டும். பதப்படாது நின்றுவிடின் முதிர்ந்த பருவத்தும் குழவியின் வேட்கையே ஆளும் என்பது அவர் கொள்கை. ஓட்டோ கெர்ன்பெர்க் 1975இல் வேறொரு விளக்கம் தந்தார். அன்பு குன்றிய வீட்டில், ஏதேனும் ஒரு தனிச்சிறப்பிற்காக மட்டும் வியக்கப்பட்ட குழந்தை, அவ்வியப்பையே அரணாக்கிக் கொள்கிறது என்பது அவர் துணிபு. அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்புக் கையேட்டில் தற்காதல் ஓர் ஆளுமைக் கோளாறாக இடம்பெற்றது.

அண்மைக் காலத்து ஆராய்ச்சி ஒன்றும் கருதத்தக்கது. எடி புருமல்மன் முதலியோர் நெதர்லாந்தில் 565 சிறாரையும் அவர்தம் பெற்றோரையும் ஆறு திங்களுக்கு ஒருமுறையாக நான்கு தடவை ஆராய்ந்து 2015இல் முடிவு வெளியிட்டனர். பிற குழந்தைகளினும் தம் குழந்தை உயர்ந்தது என மிகையாக மதிக்கும் பெற்றோரின் மக்களிடம் தற்காதல் மிகுகின்றது. பெற்றோரின் கனிந்த அன்பினைப் பெற்ற மக்களிடமோ தன்மதிப்பு வளர்கின்றது என அவர்கள் கண்டனர். அன்பு வேறு, மிகை மதிப்பு வேறு என்பது இதனாற் பெறப்படும். பிறவி இயல்புக்கும் இதிற் பங்கு உண்டு என்பதை உளவியலார் மறுப்பதில்லை.

தமிழ் மரபிலும் இப்பொருள் நன்கு எண்ணப்பட்டுள்ளது. குற்றங்கடிதல் அதிகாரத்தில் வள்ளுவர், தன்னைத் தானே வியந்து கொள்ளுதலை எக்காலத்தும் விலக்குகிறார். சைவ சித்தாந்த நூலோர், நெல்லுக்கு உமியும் செம்பிற்குக் களிம்பும் போல உயிர்க்கு ஆணவம் தொன்றுதொட்டே உடனாயது என்பர். அங்ஙனமாயின் வளர்ப்பினால் வரும் தற்காதல் என ஒன்றைக் கூறுதல் பொருந்துமோ எனின், பொருந்தும். ஆணவம் எல்லா உயிர்க்கும் பொது. அது ஒருவர் ஒழுகலாற்றில் இன்ன வடிவத்தில் வெளிப்படும் என்பதை அவர் வளர்ந்த சூழல் வரையறுக்கிறது. பொதுவாகிய வேரும் தனியாகிய கிளையும் தம்முள் முரணுவன அல்ல.

இலக்கிய மாந்தரை உளவியல் கொண்டு ஆராய்வோர் தமக்கு ஒரு வரம்பு கட்டிக்கொள்ள வேண்டும். நாயனாரை நோயாளியாகக் காட்டுவது எம் நோக்கமன்று. வரலாற்றில் வாழ்ந்த சுந்தரரின் மனத்தை அறிதற்கு நம்மிடம் கருவியும் இல்லை. நாம் ஆராயப்புகுவது, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் படைத்துக் காட்டிய நம்பியாரூரர் என்னும் மாந்தரையே ஆகும்.

3. நாவலூர்த் தெருவிற் சிறுதேர்

தடுத்தாட்கொண்ட புராணம் நம்பியின் பிள்ளைமையைச் சில பாடல்களிலேயே கூறி முடிக்கிறது. திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில் ஆதிசைவ மரபிற் சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் அவர் பிறக்கிறார். தெருவிற் சிறுதேர் உருட்டி விளையாடும்போது நரசிங்க முனையர் என்னும் அரசர் காண்கிறார்; கண்டு காதலித்து, பெற்றோர்பாற் சென்று, நட்பின் உரிமையால் குழந்தையை வேண்டிப் பெறுகிறார். அரசர் மனையில் அரசிளங்குமரனாகவும், பிறந்த குலத்திற்குரிய பூணூலும் கல்வியும் வழுவாமலும் நம்பி வளர்கிறார்.

செய்தி சிறிது, அமைப்போ ஆழ்ந்து நோக்கத்தக்கது. இக்குழந்தை அரசரைத் தேடிச் செல்லவில்லை. எதனையும் வேண்டவும் இல்லை. கண்டவர் வியந்தார், வியந்தவர் கொண்டார். குழந்தையின் தேவையினும் குழந்தையின் அழகே ஈண்டு முற்படுகின்றது. சிறுதேர் உருட்டும் நிலையிற் காணப்பட்டமையும் வாளா கூறியதன்று. குழவியைப் பாட்டுடைத் தலைமைக்கு உரியதாக்கும் வழக்கிற்குத் தொல்காப்பியர் புறத்திணையியலில் இடம் தந்துள்ளார். பின்னெழுந்த ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேரே இறுதிப் பருவம். பாட்டுடைக் குழவியைக் கடவுளாகவும் அரசனாகவும் போற்றுதல் அவ்விலக்கியத்தின் இயல்பு. புலவர் பாட்டளவிற் செய்யும் அப்போற்றுதலை நம்பிக்கு வாழ்வே செய்து தருகிறது.

மற்றொன்றும் உண்டு. இவருக்கு இரண்டு இல்லங்கள், இரண்டு தந்தையர், இரண்டு வகைப் பெருமைகள். ஒன்றைப் பெறுதற்பொருட்டு மற்றொன்றை இழக்க வேண்டிய நிலை அவருக்கு நேரவில்லை. மறையவர்க்குரிய மதிப்பும் அரசர்க்குரிய செல்வமும் ஒருங்கே வந்து எய்தின. இதுவோ அதுவோ என்னும் வினாவினை இளமையில் எதிர்கொள்ளாத உள்ளம், வளர்ந்தபின் எல்லாவற்றையும் ஒருங்கே எதிர்பார்ப்பது இயல்பேயாம். இரண்டும் எனக்கே என்னும் இவ்வெதிர்பார்ப்பே நம்பியின் வரலாற்றை முற்றும் ஊடுருவி நிற்கும் இழை என்க.

பெற்றோர் பிரிந்ததனால் குழந்தையின் உள்ளத்தில் வடு உண்டாகியிருக்கும் எனக் கெர்ன்பெர்க்கின் வழியில் ஒருவர் வாதிடலாம். நூலில் அதற்குச் சான்று இல்லை. பிரிவின் வருத்தத்தைச் சேக்கிழார் பாடவில்லை. அன்பு குன்றிய இடம் என்று ஒன்றைச் சுட்டவும் இல்லை. நூல் சொல்லாத வடுவைப் புனைந்து அதன்மேற் கோட்டை கட்டுதல் திறனாய்வு ஆகாது. நூல் காட்டுவது அன்பின் வறுமையை அன்று, வியப்பின் மிகுதியை.

4. மணக்கோலமும் அடிமை ஓலையும்

இங்ஙனம் வளர்ந்தவர் முதன்முதல் தடைப்படுவது தம் மணப்பந்தரில். அரசத் திருவும் மறையவர் கோலமும் ஒருங்கு விளங்கக் குதிரைமீது புத்தூர்க்கு வருகிறார் நம்பி. இரு வீட்டுப் பெருமையும் ஒரே உடலில் அணியாகி நிற்கும் அந்நேரத்தில், முதிய மறையவர் ஒருவர் வந்து நீ எனக்கு அடிமை என்கிறார். நம்பியின் முதல் மறுமொழி சிரிப்பு. அடுத்தது, பித்தனோ என்னும் வசை. பின்னர் அவர் ஓலையை வலிந்து பற்றிக் கிழிக்கிறார். தம் பெருமைக்கு மாறான சான்று இருத்தலே ஆகாது என்னும் வேகத்தினை இச்செயல் புலப்படுத்துகிறது.

முதியவர் சினவாது, கிழிந்தது படியோலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் உள்ளது என்கிறார். வழக்கு அவைமுன் செல்கிறது. பாட்டனார் கைச்சாத்தை ஒப்புநோக்கி அவையத்தார் நம்பி தோற்றதாகத் தீர்ப்பளிக்கின்றனர். வாழ்வில் முதன்முறையாக அவர் விழைவிற்கு மாறான ஒரு முடிவு, அவர் மறுக்கவியலாத முறையில் வருகின்றது. ஆயினும் அவர் இழிவுபடுத்தப்படவில்லை. வன்மை பேசியதனால் வன்றொண்டன் என்னும் பெயரே அவருக்குக் கிடைக்கிறது. வசையாக வந்த பித்தன் என்னும் சொல்லே முதற்பாட்டின் முதற்சொல்லாகிறது. செருக்கினை ஒடுக்க வேண்டிய இடத்தில் நாணுறுத்தலைக் கையாளாது, அச்செருக்கின் ஆற்றலையே பாட்டாக மாற்றும் நெறியை இறைவன்மேல் வைத்துச் சேக்கிழார் காட்டுகிறார். புராணத்திற்கு அவர் இட்ட பெயரில் தடுத்தல் முன்னும் ஆட்கொள்ளல் பின்னுமாக நிற்றல் காண்க.

எனினும் முதல் தடையோடு அக்குணம் முற்றும் மாறிவிடவில்லை. ஆரூரில் இறைவன் தோழமை தந்து, என்றும் மணக்கோலத்துடன் இருக்குமாறு பணிக்கிறான். பரவையாரை மணந்தபின் குண்டையூரில் நெல் வேண்டுகிறார். அதனை எடுத்துச் செல்ல ஆளும் வேண்டுகிறார். முதுகுன்றிற் பெற்ற பொன்னை ஆற்றில் இட்டு ஆரூர்க் குளத்தில் எடுக்க விழைகிறார். பொன் வரக் காலந்தாழ்த்தபோதும், மாற்றுக் குறைந்தபோதும் பாடி முறையிடுகிறார். கேட்பது கிடைக்கும் என்னும் உறுதி தளராத குழந்தையின் குரல் இவ்விடங்களிற் கேட்கிறது.

அக்குரல் ஒன்றே நம்பியின் குரல் என்றல் பெருந்தவறாகும். அடியார் அனைவரையும் பெயர் சுட்டி, அவர்க்கெல்லாம் தாம் அடிமை எனத் திருத்தொண்டத்தொகை பாடியவரும் அவரே. விறன்மிண்ட நாயனாரின் கடுஞ்சொல்லும் அதற்குத் தூண்டுதலாயிற்று எனப் புராணம் கூறும். தம்மை வளர்த்த நரசிங்க முனையரும் அத்தொகையில் ஓர் அடியாராக வணங்கப்பெறுகிறார். பிறர் பெருமையைப் பெருமையாகவே காணுதல் தற்காதல் முற்றியவர்க்கு அரிது. அஃது இவருக்கு இயன்றது. பண்பு நோயாக இறுகவில்லை. பதப்படும் நிலையிலேயே இருந்தது என்பதற்கு இதுவே தக்க சான்று.

5. ஈர் குழவியர்

குழவிப் பருவத்திலேயே பெரிதும் உயர்த்தப்பெற்றவர் நம்பி மட்டும் அல்லர். மூன்றாம் ஆண்டில் ஞானப்பால் உண்ட சம்பந்தரும் அத்தகையரே. அவர் வரலாற்றில் ஒற்றியூர் எல்லை போன்றதொரு வீழ்ச்சி இல்லாமை ஏன்? இருவர் பிள்ளைமையையும் சேக்கிழார் அமைத்த முறையிலேயே விடை உள்ளது.

சீகாழிக் குளக்கரையில் தந்தையார் நீரில் மூழ்கி மறையக் குழந்தை அழுகிறது. அவ்வழுகைக்கு இரங்கி அம்மை பால் தருகிறாள். தேவை முன்னும் கொடை பின்னுமாக அங்கே நிற்கின்றன. பால் உண்ட குழந்தையைத் தந்தையார் கோல் ஓச்சி, பால் கொடுத்தவர் யார் எனக் கேட்கிறார். தெய்வம் ஊட்டிய குழந்தையும் தந்தைக்கு விடை சொல்லக் கடமைப்பட்டதே. நாவலூரிலோ குழந்தை அழவில்லை; அதனைக் கேள்வி கேட்பாரும் இல்லை; அழகு கண்டவர் விழைவே அனைத்தையும் நடத்துகிறது. காழிக் குழந்தை பெற்றது கனிந்த அன்பும் கண்டிப்பும். நாவலூர்க் குழந்தை மிகுதியாகப் பெற்றது வியப்பு. 2015ஆம் ஆண்டு ஆராய்ச்சி பிரித்துக் காட்டிய இரண்டினையும் சேக்கிழார் ஈர் உயிரோவியங்களாகத் தீட்டி வைத்துள்ளார் எனலாம்.

சம்பந்தர் தம் பதிகங்களின் கடைக்காப்பில் தம்மைப் புகழ்ந்து பாடுகின்றாரே, அது தற்காதல் ஆகாதோ என வினவலாம். பதிக முடிவிற் பாடியோன் பெயரும் பாட்டின் பயனும் கூறுதல் அக்கால யாப்பு மரபு. சுந்தரரும் அதனைக் கைக்கொண்டுள்ளார். மரபு பற்றி வருவதைக் குணம் பற்றி வந்ததாகக் கொள்ளுதல் கூடாது.

6. மகிழடியிற் சூளுறவு

இனி ஒற்றியூர்ப் பகுதிக்கு வருவோம். ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்த சங்கிலியார் மணவாழ்வை விரும்பாது, ஒற்றியூர்க் கன்னிமாடத்தில் இருந்து இறைவனுக்கு மாலை தொடுக்கும் தொண்டு செய்து வருகிறார். நம்பி அவரைக் கண்டு விழைந்து, வழக்கம்போல் இறைவனிடமே வேண்டுகிறார். இறைவன் சங்கிலியார் கனவில் தோன்றி நம்பிக்கு மனைவியாகுமாறு கூறுகிறான். அவ்வம்மையார் கூறும் விடையிற் கூர்மை உண்டு. நம்பி ஆரூரில் மகிழ்ந்து வாழ்பவர் என்பதை எண்ணி அருளவேண்டும் என்கிறார். நம்பியைச் சூழ்ந்தோர் கேட்கத் தவறிய கேள்வி, மாலை தொடுக்கும் இப்பெண்ணின் வாயிலிருந்து வருகிறது. பிரியேன் எனச் சூளுரைப்பின் அமையும் என இறைவன் உறுதி கூறுகிறான்.

இதனை அறிந்த நம்பி செய்த சூழ்ச்சியே அவர் குணத்தின் உள்ளறையைத் திறந்து காட்டுவது. ஓரூரிற் கட்டுண்டால் பிற பதிகளைச் சென்று வணங்க இயலாதே என எண்ணுகிறார். சூள் கூற மறுக்கவும் மனம் இல்லை. ஆதலின் யான் சங்கிலியோடு கருவறை முன் வரும்போது நீர் மகிழின்கீழ்ச் சென்று இருந்தருளும் என இறைவனிடம் வேண்டுகிறார். மணமும் வேண்டும், கட்டின்மையும் வேண்டும்; சூளின் பயன் வேண்டும், சூளின் சுமை வேண்டா. இரண்டும் எனக்கே என்னும் நாவலூர் நிலை இங்கு வெளிப்படையாகவே பேசுகிறது. தம் விழைவிற்குத் தந்தையர் இருவரும் இசைந்தது போல இறைவனும் இசைவான் என அவர் நம்புகிறார்.

இறைவன் இசைகிறான், இசைந்தபின் சங்கிலியார் கனவிற் சென்று, மகிழின்கீழ்ச் சூளுரைக்கக் கேள் என்கிறான். மறுநாள் தோழியர் அவ்வாறே கூற, நம்பி திகைக்கிறார். வேறு வழியின்றி மகிழ மரத்தை வலம்வந்து சூளுரைக்கிறார். இறைவன் நம்பியை வஞ்சித்தான் என்பார் கூற்று ஆராயத்தக்கது. நம்பி வேண்டியது, இறைவன் மகிழின்கீழ் இருத்தல் வேண்டும் என்பதே. வேண்டியவாறே அவன் அங்கு இருந்தான். சொல்லளவில் வேண்டுகோள் நிறைவேறிற்று. அவ்வேண்டுகோளிற் கரந்திருந்த ஏய்ப்பு மட்டும் நிறைவேறவில்லை. பெண்ணின் பக்கமும் ஒரு முறைப்பாடு உண்டு என்பதைத் தோழனுக்கு உணர்த்துவதற்கு இதனினும் நுண்ணிய வழி இல்லை.

பின்னர் இளவேனில் வருகிறது. ஆரூரின் வசந்த விழாவும் பரவையாரின் ஆடல் பாடலும் நினைவுக்கு வர, நம்பி ஊரைவிட்டுப் புறப்படுகிறார். ஒற்றி என்னும் சொல்லுக்கு அடகு என்பதும் ஒரு பொருள். வெண்ணெய்நல்லூரில் ஓலையால் அடிமைப்பட்டவர், ஒற்றியூரில் தம் வாய்ச்சொல்லையே அடகு வைத்து அதனை மீட்காமற் செல்கிறார். எல்லை கடந்த அளவிற் கண்கள் மறைகின்றன. அவர் வாழ்வில் முதன்முறையாக, ஒன்றைக் கொள்வதற்கு ஒன்றை இழக்கவேண்டிய நிலை வந்தது.

7. ஊன்றுகோலும் ஒரு கண்ணும்

சூள் தவறியதன் பயன் இது என நம்பி உணர்கிறார். உணர்ந்தும் கண்ணை உடனே மீளப் பெறவில்லை. இதன்பின் வரும் பகுதியே சேக்கிழாரின் உளநூற் புலமைக்கு எடுத்துக்காட்டு. முல்லைவாயிலில் பாடுகிறார், கண் வரவில்லை. வெண்பாக்கத்தில் நீர் கோயிலில் உள்ளீரோ எனக் கேட்கிறார். உள்ளோம், செல்க என்னும் பொருள்படச் சுருங்கிய விடை ஒன்று வருகிறது. உடன் ஓர் ஊன்றுகோலும் வருகிறது. காஞ்சியில் இடக்கண்ணும், நெடுவழி கடந்து ஆரூர் அடைந்தபின் வலக்கண்ணும் ஒளி பெறுகின்றன.

கேட்டவுடன் கிடைத்த நெல்லையும் பொன்னையும் இத்துடன் ஒப்பிடுக. அங்கே கேட்டது முழுமையாகவும் விரைவாகவும் வந்தது. இங்கே சிறிது சிறிதாக, நடந்த தொலைவிற்கு ஏற்ப வருகிறது. ஊன்றுகோல் தருதல் மறுத்தலும் அன்று, முழுதும் தருதலும் அன்று; துணை நிற்கிறேன், நீயே நட எனக் கூறாமற் கூறுவது. கோகட் கூறிய தாங்கத்தக்க ஏமாற்றம் என்பதற்கு இதனினும் விளக்கமான இலக்கியக் காட்சி அரிது. அன்பு ஒரு கணமும் விலக்கப்படவில்லை. விழைவிற்கு வளைதல் மட்டுமே நிறுத்தப்பட்டது. இரண்டனையும் ஒருங்கே பெற்றுப் பழகியவர்க்குக் கண்ணும் ஒவ்வொன்றாகவே மீண்டது என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

ஓவிட்டின் கதையோடு இவ்விடத்தை ஒப்பிடலாம். நார்சிசசுக்குத் தன் உருவைக் காட்டும் கண்ணே கேடாயிற்று. அக்கேட்டிலிருந்து அவனை மீட்பார் இல்லை. நம்பிக்குக் கண் மறைந்ததே மீட்சியின் தொடக்கம். அவன் நீர்க்கரையில் தனியனாக இருந்து மாய்ந்தான். இவர் கோலூன்றி, பிறர் துணையோடு வழிநடந்து மீண்டார்.

8. கலிக்காமர் புராணத்துள் நம்பி

ஒற்றியூர் நிகழ்ச்சிகளைச் சேக்கிழார் தடுத்தாட்கொண்ட புராணத்தில் வைக்கவில்லை. ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் வைத்தார். இந்த வைப்புமுறை தனித்துக் கருதற்குரியது. கண் பெற்று ஆரூர் புகுந்த நம்பி, ஊடிய பரவையார்பால் இறைவனையே தூது அனுப்புகிறார். பழைய வேட்கை இன்னும் எஞ்சியுள்ளது என்பதனை ஆசிரியர் மறைக்கவில்லை. ஆண்டவனை ஏவல்கொண்ட இச்செயல் கேட்டு வெகுண்டவர் கலிக்காமர். நம்பியின் இச்செயலை மிகக் கடுமையாக வெறுத்தவர் புராணத்தின் உள்ளேயே நம்பியின் வாழ்வில் பெரும்பகுதியை விரித்துரைத்தார் சேக்கிழார். வாழ்த்துவோர் நடுவே வளர்ந்தவரைக் குறைகாண்போர் கண்வழியும் காணுமாறு கற்போரை நிறுத்தும் அமைப்பு இது.

கலிக்காமர் சூலைநோயுற்று, நம்பி வந்து தீர்ப்பதினும் சாதல் நன்று என உடைவாளால் வயிற்றைக் கிழித்து மாய்கிறார். அவர் உறங்குகிறார் எனச் சுற்றத்தார் மறைக்கவும், நம்பி வற்புறுத்தி உட்சென்று காண்கிறார். கண்டு, தாமும் உயிர்விட வாளைப் பற்றுகிறார். இறையருளால் உயிர்பெற்றெழுந்த கலிக்காமர் அவர் கையைப் பற்றித் தடுக்க, இருவரும் நண்பர் ஆகின்றனர். தம்மை வெறுத்தவர் இறப்பைத் தம் இழப்பாகக் கொள்ளும் உள்ளம் இங்கே காணப்படுகிறது. அடிமை ஓலையைக் கிழித்த கை, இப்போது பிறர்பொருட்டு வாளை எடுக்கிறது. புத்தூரில் இறைவன் தடுத்தான். இங்கே ஒரு மனிதர் தடுக்கிறார். சிறுதேரிற் கண்ட குழந்தை முதிர்ச்சி பெற்ற இடம் இதுவே என்பது எம் துணிபு.

இம்முதிர்ச்சிக்கு விலை கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவர் சங்கிலியார். நம்பி எல்லை கடந்தபின் அவர் நிலையைச் சேக்கிழார் விரித்துப் பாடவில்லை. பரவையாரின் ஊடலுக்குக் கிடைத்த இடம் சங்கிலியாரின் பிரிவுக்குக் கிடைக்கவில்லை. தற்காதல் உடையாரைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் அவரையே நடுவாகக் கொண்டு செல்வன; அவரால் வருந்தியோர் ஓரத்தில் நின்றுவிடுகின்றனர். அடியார் பெருமையைப் பாட வந்த காப்பியமும் இதற்கு விலக்காகவில்லை. இதனைக் குறையாகச் சுட்டுதல் திறனாய்வாளர் கடமை. எனினும், சூளுறவுக்கு முன்னரே ஆரூர் வாழ்வை நினைவூட்டிய அவ்வம்மையாரின் சொல்லைச் சேக்கிழார் விடாது பதிவு செய்தமையால், அவர் பக்கத்து நியாயம் நூலினின்றும் மறைந்துவிடவில்லை.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். நம்பியாரூரரின் சூள் மீறல் தனித்து நின்ற பிழை அன்று. இரு வீட்டிலும் வியந்து வளர்க்கப்பட்ட பிள்ளைமையோடு இயைபு உடையது. அப்பண்பு நாணுறுத்தலாலன்றி, அன்பு விலகாத கண்டிப்பினாற் பதப்படுவதாகச் சேக்கிழார் காட்டுகிறார். அப்பதப்பாடும் ஒருநாளில் நிகழாது. ஓலை, மகிழ், ஊன்றுகோல், வாள் எனப் பல படிகளைக் கடந்தே நிகழ்கிறது.

பெரியபுராணத்தைப் பத்தி நூலாக மட்டும் பயில்வோர்க்கும், உளவியலை அயல்நாட்டுச் சரக்காக மட்டும் கருதுவோர்க்கும் இவ்வாய்வு ஓரளவு பயன்படுமென நம்புகிறோம். மூவர் முதலிகளின் பிள்ளைமையை ஒருங்கு வைத்து ஆராய்தலும், தாய்தந்தையரை இழந்து தமக்கையாரால் வளர்க்கப்பெற்ற நாவுக்கரசரை இவ்விருவரோடும் ஒப்பிடுதலும் இளம் ஆராய்ச்சியாளர் மேற்கொள்ளத்தக்க பணிகளாம். மகிழடி விழாவினைக் காண ஒற்றியூர் செல்லும் மாணவர், சூளுரைத்தவரை மட்டுமன்றி அச்சூளினைக் கேட்டு நின்ற பெண்ணையும் சேர்த்தே நோக்குவாராயின், சேக்கிழாரை முழுமையாகப் பயின்றவர் ஆவர்.